புதிய நேரமா, பழைய நேரமா: கணினிச் சாதகம் அரைமணி நேரம் பிசகுவது ஏன்?

உங்கள் கேள்வியின் சாரம் இது. மகள் 1999ஆம் ஆண்டு ஆவணி மாதம் 4ஆம் நாள் காலை 6 மணி 2 நிமிடத்துக்கு வன்னியில் உள்ள புதுக்குடியிருப்பில் பிறந்தார். அந்த நாள்களிலேயே சாத்திரியார் ஒருவர் கணித்து எழுதித் தந்த குறிப்பில் இலக்கினம் சிங்கம். இப்போது திருமணப் பேச்சு வந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் அதே நாளையும் நேரத்தையும் ஊரையும் கைத்தொலைபேசிச் செயலி ஒன்றில் போட்டுப் பார்க்க, இலக்கினம் கடகம் என்று வந்துவிட்டது. மனிதர் பிழைவிடுவார், கணினி பிழைவிடாது என்பது அவர்களுடைய வாதம். மென்பொருள் துறையில் இருப்பவர்கள் யாராவது இதை விளக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஐயா, சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் சாத்திரியார் எழுதியதே சரி. கணினியும் கணக்கைப் பிழையாகச் செய்யவில்லை. 1999இல் புதுக்குடியிருப்புக் கடிகாரமும் கொழும்புக் கடிகாரமும் ஒரே நேரத்தைக் காட்டின என்று அதற்கு யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். அதை நம்பி அது கணித்திருக்கிறது. சாதகத்தில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆனால் கிளிநொச்சியில் இருந்துகொண்டு வெளிநாட்டு நிறுவனங்களுக்கு நிரல் எழுதிச் சீவிக்கும் எனக்கு நேரக்கணக்கு ஒரு தொழில்முறைத் தலையிடி. அந்தத் தலையிடியின் வரலாறு முழுவதும் உங்கள் மகளின் குறிப்புக்குள் அடங்கிக் கிடப்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

இலங்கை 1906ஆம் ஆண்டு முதல் கிறீனிச் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் நின்ற நாடு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1942 தொடக்கம் 1945 ஒக்ரோபர் வரை, முதலில் அரைமணியையும் பிறகு ஒரு மணியையும் கூட்டி வைத்திருந்துவிட்டு, போர் முடியப் பழையபடி ஐந்தரைக்கு வந்தார்கள். அதன்பின் அரை நூற்றாண்டு ஒருவரும் கடிகாரத்தில் கை வைக்கவில்லை. 1996இல் மழை பொய்த்து, நீர்மின் நிலையங்களுக்கு நீர் கொடுக்கும் நீர்த்தேக்கங்கள் வற்றியபோது, மாலை வெளிச்சத்தை நீட்டினால் விளக்கெரிக்கும் மின்சாரம் மிஞ்சும் என்று கணக்குப் போட்டு, மே 25ஆம் திகதி பிறக்கும் நள்ளிரவில் நாட்டின் நேரத்தை ஒரு மணி முன்னே தள்ளினார்கள். ஐந்தரை ஆறரையானது. ஐந்து மாதம் கழித்து, ஒக்ரோபர் 26ஆம் திகதி, அதில் அரைமணியைத் திருப்பிக் கொடுத்து ஆறில் நிறுத்தினார்கள். அந்த ஆறு ஏறக்குறையப் பத்து ஆண்டுகள் நிலைத்தது. 2006 சித்திரைப் புத்தாண்டு கழிந்த கையோடு, ஏப்ரல் 15ஆம் திகதி நள்ளிரவு தாண்டி 12.30 ஆனதும் அதை மறுபடியும் 12 மணி என்று வைத்து ஐந்தரைக்குத் திரும்பினார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மின்சாரத்தை மிச்சம்பிடிப்பதற்காக மாற்றிய நேரத்தை மின்சாரமே இல்லாத வன்னிக்கும் சேர்த்தே அறிவித்ததுதான். நாங்கள் மிச்சம்பிடிக்கக்கூடியதாக இருந்தது குப்பிவிளக்கு மண்ணெண்ணெய் ஒன்றே. அதைக் கடிகாரத்தைத் திருப்பாமலேயே மிச்சம்பிடிக்கப் பழகியிருந்தோம். விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னிப் பகுதி புதிய நேரத்தை ஏற்கவே இல்லை. முதலில் வந்த ஆறரையும் இல்லை, பிறகு வந்த ஆறும் இல்லை. இந்தியாவோடு ஒத்த அந்த ஐந்தரையிலேயே நின்றுகொண்டது.

அப்போது நான் பாடசாலை மாணவன். பற்றரி கிடைக்காத காலமாதலால், அப்பா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, தைனமோவில் இருந்து கம்பி இழுத்து வானொலிக்குக் கொடுப்பார். மிதியைக் கையால் சுற்றுவது என் வேலை. பிபிசி தமிழோசை எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தில் இரவு 9.15க்குத் தொடங்கும். அரச கட்டுப்பாட்டில் இருந்த வவுனியாவில் இருந்து வந்து நின்ற மாமாவின் கைக்கடிகாரத்தில் அதே நிகழ்ச்சிக்கு 9.45 ஆகும். கேட்ட செய்தி ஒன்றுதான். நான் சுற்றுவதைக் கொஞ்சம் தளர்த்தினால் இரண்டு நேரத்துக்காரரும் சேர்ந்தே என்னை ஏசுவார்கள். கல்யாண வீட்டு முகூர்த்தமானாலும் கூட்டமானாலும் நேரத்தைச் சொன்னவுடன் வரும் அடுத்த கேள்வி, ‘பழைய நேரமோ, புது நேரமோ?’ என்பதுதான். 2002இல் ஏ-9 வீதி திறந்தபிறகு இது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. அரச பக்கத்து ஓமந்தையில் காலை 10 மணிக்குப் புறப்பட்டவர் புலிகள் பக்கத்துப் புளியங்குளத்துக்கு 9.50க்கு வந்து சேரலாம். கணக்கு அப்படித்தான் சொல்லும். நடைமுறையில் அந்த அரைமணியைச் சோதனைச்சாவடி வட்டியோடு வாங்கிக்கொண்டுவிடும் என்பது வேறு விடயம்.

இனிக் கணினிக்கு வருகிறேன். கணினிக்குள் காலை, மாலை, ஆவணி, புரட்டாதி ஒன்றும் கிடையாது. பெரும்பாலான இயங்குதளங்கள் 1970ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி உலகப் பொது நேரம் நள்ளிரவில் தொடங்கி எத்தனை வினாடி கழிந்தது என்று ஓர் எண்ணை மட்டுமே வைத்திருக்கின்றன. அந்த எண்ணை நீங்கள் வாசிக்கக்கூடிய நேரமாக மாற்றவேண்டுமானால், எந்த ஊரில் எந்த ஆண்டில் கடிகாரம் எங்கே நின்றது என்ற பட்டியல் தேவை. உலகம் முழுவதற்குமான அந்தப் பட்டியலை ஏதோ ஒரு மாபெரும் நிறுவனம் பெரும்செலவில் பராமரிக்கிறது என்றுதான் இத்துறைக்கு வந்த புதிதில் நானும் நினைத்திருந்தேன். அது ஆர்தர் டேவிட் ஓல்சன் என்பவர் 1980களில் தொடக்கிவைத்து, போல் எகர்ட் என்ற கணினியியலாளர் நெடுங்காலமாக ஒருங்கிணைத்துவரும், தன்னார்வலர்கள் மின்னஞ்சலில் வாதாடித் திருத்தும் சில உரைக்கோப்புகள்தான். உங்கள் கைத்தொலைபேசியில் இருப்பதும், வங்கிச் சேர்வரில் இருப்பதும், பெரும்பாலும் அந்தச் சாதகச் செயலி நம்பியிருப்பதும் அதே பட்டியல் அல்லது அதைப் போன்ற இன்னொன்று.

அந்தக் கோப்பில் இலங்கைக்கு ‘ஆசியா, கொழும்பு’ என்று ஒரேயொரு பதிவு இருக்கிறது. மேலே நான் சொன்ன 1942, 1945, 1996, 2006 மாற்றங்கள் எல்லாம் அதில் வரிவரியாக உண்டு. வன்னி அதில் இல்லை. ஆனால் முழுக்க இல்லை என்றும் சொல்லமுடியாது. நிரலாளர்கள் கோப்புகளில் குறிப்புரை என்று சில வரிகள் எழுதுவோம். அவை மனிதர் வாசிப்பதற்கு மட்டுமானவை, கணினி அவற்றைத் தாண்டிப் போய்விடும். கொழும்புப் பதிவுக்கு மேலே உள்ள குறிப்புரையில் 2006 ஏப்ரலில் வந்த ரொய்ட்டர்ஸ் செய்தி ஒன்று மேற்கோளாக இருக்கிறது: புலிகள் 1996 மாற்றத்தை ஏற்கவில்லை, ஐந்தரையிலேயே தொடர்ந்தார்கள் என்பது அதன் பொருள். அதற்குக் கீழே எகர்ட் எழுதிய குறிப்பு, அப்பகுதியில் வாழ்பவர்கள் கொல்கத்தாவின் பதிவைப் பயன்படுத்தலாம், 1970 முதல் இரண்டும் ஒன்றாகவே இருந்திருக்கின்றன என்கிறது. இதை நான் முதன்முதலில் ஒரு வேலைநாளின் நடுவில், வேறொரு வழுவைத் தேடிக்கொண்டிருக்கும்போது கண்டேன். எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பற்றி, எங்களைக் கண்டிராத ஒருவர், உலகத்தின் எத்தனையோ கணினிகள் நம்பியிருக்கும் கோப்புக்கு இரண்டு வரி எழுதி வைத்திருக்கிறார். அன்று அதற்குமேல் வேலை ஓடவில்லை.

உங்கள் மகளின் கணக்குக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். பிள்ளை பிறந்தபோது வைத்தியசாலைக் கடிகாரம் 6.02 காட்டியது பழைய நேரத்தில். அது உலகப் பொது நேரம் 12.32, நள்ளிரவு தாண்டி அரைமணி. செயலியோ ‘1999, இலங்கை, ஆகவே ஆறு மணி நேர வித்தியாசம்’ என்று எடுத்து, 12.02க்குப் பிறந்ததாகக் கணித்துவிட்டது. அதாவது பிள்ளையை அரைமணி முன்கூட்டியே பிறக்க வைத்துவிட்டது. பிறந்த கணத்தில் கீழ்வானில் உதித்துக்கொண்டிருக்கும் இராசிதான் இலக்கினம். பன்னிரண்டு இராசியும் அப்படி உதித்து முடிய ஒரு நாள். ஒரு இராசிக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அரைமணியில் இலக்கினம் ஏழு பாகைக்குச் சற்று மேல் நகரும். சிங்கத்தின் முதல் நான்கைந்து பாகைக்குள் நின்ற இலக்கினத்தை ஏழு பாகை பின்னே இழுத்தால் அது கடகத்தின் கடைசியில் போய் விழாமல் வேறெங்கே விழும்? இந்தக் கணக்கின்படி அக்காலத்தில் வன்னியில் பழைய நேரத்தில் பதிவான பிள்ளைகளில் நால்வருக்கு ஒருவருடைய இலக்கினம் இப்படிச் செயலியில் மாறித் தெரியும். 1996இல் அந்த ஐந்து மாத ஆறரைக்குள் பிறந்தவர்களுக்குப் பிசகு ஒரு மணி நேரம். அவர்களில் பாதிப்பேருக்கு மாறும்.

இதைச் சரிபார்க்கக் கணினியே தேவையில்லை. சூரியன் உதிக்கும் கணத்தில் சூரியன் நிற்கும் இராசிதான் இலக்கினம் என்பது பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த எவருக்கும் தெரியும். ஆவணியில் சூரியன் சிங்கத்தில். முல்லைத்தீவுப் பக்கத்தில் அந்த நாள்களில், பழைய நேரப்படி, ஏறக்குறைய 6 மணிக்குப் பொழுது புலரும். ஆகவே பிள்ளை பிறந்தபோது வெயில் முகம் காட்டிவிட்டதா, இருட்டு முழுதாக விலகாமல் இருந்ததா என்று வீட்டிலே தாயாரையோ அம்மம்மாவையோ ஒரு தடவை கேளுங்கள். செயலி சொல்வது உண்மையானால் அந்நேரம் சூரியன் அடிவானத்துக்குக் கீழே அரைமணித் தூரத்தில் இருந்திருக்க வேண்டும்.

‘கணினி பிழைவிடாது’ என்ற வாக்கியத்தைக் கேட்டால் எங்கள் துறையில் உள்ளவர்கள் சிரிப்போம். அது அனுபவித்தவனின் சிரிப்பு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்துக்காக ஊழியர் விவரங்களைக் கையாளும் மென்பொருளில் வேலை செய்தேன். அதில் பிறந்தநாள் வாழ்த்தைத் தானாக அனுப்பும் வசதி ஒன்று இருந்தது. கொழும்பு அலுவலகத்தில் சிலருக்கு மட்டும் வாழ்த்து ஒருநாள் முந்தி வந்தது. மூத்தவர்களுக்குச் சரியாக வந்தது, இளையவர்களுக்குத்தான் முந்தியது. குழுவில் ஆளுக்கொரு விளக்கம். இளையவர்கள் படிவத்தைக் கவனயீனமாக நிரப்பியிருப்பார்கள் என்று மேலாளர் ஒருவர் கூட்டத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். ‘என் கணினியில் சரியாகத்தானே வேலை செய்கிறது’ என்ற, எங்கள் தொழிலின் தேவாரத்தை, அந்தப் பகுதியை எழுதியவர் பாடி முடித்திருந்தார். நான் பெயர்களை வயது வரிசையில் ஒரு தாளில் எழுதி, பிசகியவர்களுக்கு நேரே புள்ளி வைத்தேன். 1996 மார்ச்சில் பிறந்தவருக்குப் புள்ளி இல்லை. அதே ஆண்டு ஜூலையில் பிறந்தவருக்குப் புள்ளி. இடையில் கோடு போட்டபோது வாய் தானாகவே ‘புது நேரம்’ என்றது. திரையில் இருந்த கொழும்புத் தம்பிமாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர்களில் பாதிப்பேர் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் பிறந்தவர்கள்.

நடந்தது இதுதான். பிறந்த திகதி ஒரு நாள். அதற்கு மணி, நிமிடம் தேவையில்லை. ஆனால் நிரலாளர் அதை அன்றைய நள்ளிரவு என்ற ஒரு கணமாகச் சேமித்திருந்தார். 1999இல் பிறந்த ஒருவரை எடுத்துக்கொண்டால், சேமிக்கும்போது பட்டியலைப் பார்த்து அந்த ஆண்டுக்குரிய ஆறு மணியைக் கழித்தது மென்பொருள். வாழ்த்து அனுப்பும் பகுதியோ, இலங்கை என்றால் ஐந்தரை என்று மனப்பாடமாக ஐந்தரையையே கூட்டியது. கிடைத்தது முதல்நாள் இரவு 11.30. ஆகவே முதல்நாளே வாழ்த்து. திருத்தம் மிகச் சின்னது. ஏன் திருத்தினோம் என்ற விளக்கம் மூன்று பக்கம். தொடக்கத்தில் அந்த வேலைக்கு ஒதுக்கிய காலம் அரைநாள், எடுத்தது இரண்டு கிழமை. இது எங்கள் துறையில் வழமையான விகிதம்தான்.

நேரத்தோடு எங்களுக்குள்ள பகை அத்தோடு முடிவதில்லை. ரொறன்ரோவில் காலை 9 மணிக்குக் கூட்டம் என்றால் கோடையில் எனக்கு மாலை 6.30, மாரியில் 7.30. அமெரிக்காவும் கனடாவும் மார்ச் மாதம் இரண்டாம் ஞாயிறு நேரத்தை மாற்றும். பிரித்தானியா அதே மாதம் கடைசி ஞாயிறுதான் மாற்றும். இடைப்பட்ட அந்த இரண்டு மூன்று கிழமைகளில் இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் பொதுவான கூட்டம் எத்தனை மணிக்கு என்பதை ஒருவரும் அடித்துச் சொல்லமாட்டார்கள். ‘ஏன் இண்டைக்குப் பிந்திச் சாப்பிடுறாய்?’ என்று கேட்ட அம்மாவுக்கு, கனடாவில் கடிகாரத்தை மாற்றிவிட்டார்கள் என்று விளக்கினேன். கறியை இன்னொரு தடவை சூடாக்கிக்கொண்டே, ‘அவையும் அந்தப் பழக்கத்தை விடேல்லையோ?’ என்றார். பத்து ஆண்டுகள் அரசாங்க நேரத்தை ஏறெடுத்தும் பார்க்காமல் சோறு சமைத்த மனுசிக்கு அதற்குமேல் சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

ஒரே நாட்டுக்குள் இரண்டு நேரம் என்பது எங்களுக்கு மட்டும் வாய்த்த கூத்து என்று நினைக்கவேண்டாம். 2023 மார்ச்சில் லெபனானில், கோடை நேரத்துக்கு மாறுவதை நோன்பு மாதம் முடியும்வரை தள்ளிவைக்க அரசு கடைசி நேரத்தில் முடிவெடுக்க, மரோனைட் திருச்சபையும் வேறு பல அமைப்புகளும் அதை ஏற்காமல் கடிகாரத்தை மாற்றிக்கொண்டன. சில நாள்களில் அரசு பின்வாங்கியது. அந்தப் பட்டியலைப் பராமரிப்பவர்கள் ஒரு வெளியீட்டில் மாற்றத்தைச் சேர்த்து, சில நாள்களிலேயே அடுத்த வெளியீட்டில் நீக்கவேண்டியதாயிற்று.

சாதகம் என்று பேசிக்கொண்டிருப்பதால் இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2011இல் அஸ்ட்ரோலேப் என்ற அமெரிக்கச் சோதிட மென்பொருள் நிறுவனம், இந்தப் பட்டியலில் உள்ள பழைய நேர விவரங்கள் தன் உரிமையில் உள்ள நூலில் இருந்து எடுக்கப்பட்டவை என்று ஓல்சன், எகர்ட் இருவர்மீதும் வழக்குப் போட்டது. உலகத்துக் கணினிகளின் நேரமே ஒரு சோதிடக் கம்பனியின் வழக்கில் போய் மாட்டிக்கொண்டது. நேரம் எப்போது மாறியது என்பது ஒரு வரலாற்று உண்மை, அதற்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது என்ற எதிர்ப்பு வலுத்து, 2012 பெப்ரவரியில் நிறுவனம் வழக்கை மீளப்பெற்று மன்னிப்பும் கேட்டது. அந்தக் குழப்பத்துக்கு நடுவில்தான் பட்டியலைக் காக்கும் பொறுப்பு இணைய முகவரிகளை ஒழுங்குபடுத்தும் ஐயானா அமைப்பிடம் போனது. சோதிடர்களைவிட அதிகமாகப் பழைய கடிகாரங்களைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் யாரும் இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இனி நீங்கள் செய்யவேண்டியதைச் சொல்கிறேன். செயலியில் ஊரைக் கொடுத்த பக்கத்தில் நேர வலயம் என்று ஒரு பெட்டி இருக்கும். அல்லது கணித்து வரும் தாளின் தலைப்பில் எங்காவது ஓர் எண் இருக்கும். அதில் 6.00 என்று இருந்தால் அதை 5.30 ஆக்குங்கள். கையால் மாற்ற விடாத செயலியானால் நேர வலயமாகக் கொல்கத்தாவைத் தெரிவுசெய்யுங்கள். ஆனால் பிறந்த ஊரைச் சென்னை என்றோ கொல்கத்தா என்றோ மாற்றிவிடாதீர்கள். அகலாங்கும் நெட்டாங்கும் மாறி, அதனால் இலக்கினம் வேறுவிதமாகப் பிசகும். புதுக்குடியிருப்பு என்று தட்டும்போதும் கவனம் வேண்டும். மட்டக்களப்பிலும் மன்னாரிலும் அதே பெயரில் ஊர்கள் உண்டு; நமது புதுக்குடியிருப்பு ஏறத்தாழ வடக்கு 9 பாகை 19 கலை, கிழக்கு 80 பாகை 42 கலை. எந்தவிதமான நேர வலயமும் காட்டாத செயலியென்றால், பிறந்த நேரத்தை 6.02க்குப் பதில் 6.32 என்று கொடுத்துப் பாருங்கள். அவர்கள் கழிப்பதை நாம் முன்கூட்டியே கூட்டிவிடுகிறோம், அவ்வளவுதான். இதற்குப் பிறகும் நட்சத்திரப் பாதம், திதி முடியும் நேரம் ஆகியவற்றில் சின்ன வேறுபாடுகள் தெரிந்தால் திகைக்கவேண்டாம். அது வாக்கியம், திருக்கணிதம் என்ற இரண்டு பஞ்சாங்கக் கணிப்பு முறைகளுக்கும் இடையிலான பழைய வழக்கு. அதைத் தீர்த்துவைக்கும் மென்பொருளை இன்னும் யாரும் எழுதவில்லை.

என் தங்கையின் குறிப்பு 1998இல் மல்லாவியில் எழுதப்பட்டது. சதுரக் கோடிட்ட கணக்குக் கொப்பியின் நடுத்தாள். 2009இல் எங்களோடு எல்லா இடமும் பொலித்தீன் பைக்குள் வந்தது. இராசிச் சக்கரத்துக்கு வெளியே, பிறந்த நேரத்துக்குப் பக்கத்தில், சாத்திரியார் சிவப்பு மையால் ‘பழைய நேரம்’ என்று எழுதிச் சின்னக் கோடு ஒன்றும் கீழே கீறியிருக்கிறார். நானும் என் சகபாடிகளும் அத்தனை இயந்திரங்களை வைத்துக்கொண்டு சேமிக்க மறக்கும் விவரம் அது. உங்களிடம் உள்ள தாளையும் ஓரங்களில், பின்பக்கத்தில், மடிப்புகளில் நன்றாகப் பாருங்கள். இருந்தால் அதைப் படமெடுத்து மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்புங்கள். என் விளக்கத்தைவிட அது விரைவாக வேலைசெய்யும்.

மாப்பிள்ளை 1997இல் வவுனியா வைத்தியசாலையில் பிறந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். வவுனியா நகரத்தில் அப்போது அரசாங்க நேரம், அதாவது ஆறு. அவருடைய குறிப்பை நீங்கள் தொடவேண்டாம். செயலி அவரைச் சரியாகத்தான் கணித்திருக்கும். வீட்டில் யாராவது பழைய நேரத்துக்கு மாற்றிச் சொல்லி வைத்திருந்தால் மட்டும் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். ஏனென்றால் வவுனியாவில் இருந்துகொண்டே மனதுக்குள் பழைய நேரத்தில் வாழ்ந்த பெரியவர்களை எனக்குத் தெரியும், எங்கள் மாமாவின் தாயார் அவர்களில் ஒருவர்.